நகையா முகமும் நகைப்புரிமையும்

நகைச்சுவை நடிகர் இருவகையர். தம் நகைச்சுவைக்குத் தாமே முதலில் நகைத்து அவையோரையும் உடனழைப்பவர் ஒரு சாரார். சாவுச் செய்தி வாசிப்பவர்போல் முகத்தை வைத்துக்கொண்டு அவையைக் குலுங்கவைப்பவர் மற்றொரு சாரார். ஆங்கிலேயருக்குப் பின்னவர்மேற் பற்று மிகுதி. அப்பின்னவருள் இன்று உலகறிந்தவர் றோவன் அற்கின்சன். 'மிஸ்ரர் பீன்' என்ற பெயரைக் கேட்டால் நம் நாட்டுச் சிறுவரும் முகம் மலர்வர். ஆயின் அம்முகத்துக்குரியவர் இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தம் நாட்டுச் சட்டமியற்றுவோருடன் வழக்காடி வருபவர் என்பதை அறிந்தோர் நம்மிடையே சிலரே. அவ்வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை. ஆதலின் அவர்தம் நகையையும் நோக்கையும் ஒருங்கே வைத்து ஆராய்தல் தகும்.

அற்கின்சன் 1955 ஆம் ஆண்டு பிறந்தவர்; நியூகாசிலிலும் ஒக்ஸ்போர்ட்டிலும் மின்பொறியியல் பயின்றவர். இயல்பாகவே திக்குவாய் உடையவர். வேறொரு பாத்திரமாகி நிற்கும்போது அக்குறை பெரிதும் மறைந்துவிடுகிறது என்பர். எழுத்தை எழுத்தாக அறுத்து, சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டு அவர் உச்சரிக்கும் முறையே அவருக்கு ஓர் அணியாயிற்று. 1979 இல் சர்வதேச மன்னிப்புச் சபைக்கு நிதி திரட்டும் பொருட்டு இலண்டனில் நிகழ்ந்த மேடையில், அவர் ஒரு பள்ளி ஆசிரியராக வந்து மாணவர் இடாப்பை வாசித்தார். மேடையில் மாணவர் எவருமில்லை. பெயர்களோ இருபொருள்படுவன, சில, வாய்விட்டுச் சொல்லக் கூசுவன. வாசிப்பவர் முகத்தில் ஓர் அசைவுமில்லை. கடுகடுப்பு மட்டுமே உண்டு. ஆசிரியத் தொழிலில் நரைத்த எனக்கு அக்காட்சியைப் பார்க்கும்போது நகையோடு சிறிது அச்சமும் தோன்றுவதுண்டு. அது நிற்க. அவர் அங்கே எவரையும் ஏசவில்லை. பெயர்களை வாசித்தார், அவ்வளவே. மற்றப் பொருளையெல்லாம் கற்பித்துக்கொண்டவர்கள் அவையோர்.

தொல்காப்பியர் அங்கதத்தை இரண்டாகப் பகுத்தார். பழியை வெளிப்படக் கூறுவது செம்பொருள் அங்கதம். மறைத்துக் கூறுவது பழிகரப்பு அங்கதம். அற்கின்சனின் கலை முழுவதும் பழிகரப்பு. பொதுவாகப் பழியைக் கரப்பது சொல். இவரிடத்திலோ முகமும் கரக்கிறது. அவர் மேடையில் நடித்த மற்றொரு பாத்திரம் சாத்தான். நரகுக்குப் புதிதாக வந்தோரை அவன் கந்தோர் எழுதுவினைஞன் ஒருவனைப்போல் பட்டியல் பார்த்து வரவேற்கிறான். கொலைஞரையும் கள்வரையும் இனம் பிரித்து நிறுத்துகிறான். கடவுள் இல்லை என்றோரும் அங்கே வந்து நிற்கின்றனர். இறுதியில் கிறித்தவரை நோக்கி, யூதர் சொன்னதே சரியாயிற்று என்று வருத்தம் தெரிவிக்கிறான்! இங்கே எள்ளப்படுவது எந்தச் சமயமுமன்று. தான் ஒருவனே சரியென்னும் உறுதிப்பாடு. அதனை இகழ்ச்சியாகக் கொள்வதும் கொள்ளாததும் கேட்பவன் கையிலுள்ளது.

'பிளக்கடர்' தொடரின் நான்காம் பகுதியை இங்கே விட்டுச்செல்ல இயலாது. முதலாம் உலகப் போரின் பதுங்குகுழியில் நிகழும் அக்கதையின் இறுதி அங்கம் 1989 நவம்பர் 2 ஆம் நாள் ஒளிபரப்பாயிற்று. சாவைத் தவிர்க்கச் சூழ்ச்சிமேற் சூழ்ச்சி செய்த படைத்தலைவன், இறுதியில் வழியின்றி, தோழருக்கு அமைதியாக வாழ்த்துக்கூறிக் குழியை விட்டேறுகிறான். போர்க்களம் மங்கிப் பொப்பிப் பூக்கள் நிறைந்த வெளியாகிறது. அத்தொடர் போரைப்பற்றித் தவறான எண்ணத்தைப் பரப்புகிறது என்று 2014 சனவரியில் அந்நாட்டுக் கல்வியமைச்சர் மைக்கல் கோவ் குறைகூறினார். கால் நூற்றாண்டுக்கு முந்திய நகைச்சுவை நாடகம் ஒன்றைக் கல்வியமைச்சர் ஒருவர் மறுக்கவேண்டி வந்ததாயின், அதன் வலிமைக்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இனி வழக்குக்கு வருவோம். சமய வெறுப்பைத் தூண்டுதலைக் குற்றமாக்க பிளேயர் அரசு முயன்றபோது அற்கின்சன் எதிர்த்தார். 2001 இல் அவர் எழுப்பிய குரல், 2004 இன் இறுதியில் கலைஞர் பலரைத் திரட்டிய இயக்கமாயிற்று. சட்டமூலத்தின் முதல் வாசகப்படி அச்சுறுத்தும் பேச்சோடு இகழும் பேச்சும் குற்றமாயிருந்தது. அச்சுறுத்தலும் வேண்டுமென்றே தூண்டும் நோக்கமும் இருந்தாலன்றிக் குற்றமாகாது எனப் பிரபுக்கள் சபை திருத்தியது. 2006 சனவரி 31 ஆம் நாள் மக்கள் சபையில் அத்திருத்தத்தை நீக்க முயன்ற அரசு இருமுறை தோற்றது. இரண்டாவது தோல்வி 283 க்கு 282 என ஒரே வாக்கினால்! அவ்வாக்கெடுப்பின்போது பிரதமர் சபையில் இல்லை, வீடு சென்றிருந்தார். அற்கின்சனின் நாடகங்களிலும் இத்தகைய திருப்பம் அரிது. நிறைவேறிய சட்டம் சமயங்களை விமரிசித்தல், எள்ளல், இகழ்தல் என்பவற்றை வெளிப்படையாகவே காத்துநிற்கிறது.

பின்னர் 1986 ஆம் ஆண்டுப் பொது ஒழுங்குச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவு. அதில் 'இகழும்' சொற்களும் குற்றமாயிருந்தன. 2005 இல் ஒக்ஸ்போர்ட்டில் மாணவன் ஒருவன் குதிரைப் பொலிசாரிடம், அவர் ஏறியிருந்த குதிரை தன்பால் விருப்புடையது என்று சொல்லிக் கைதானான். வழக்குப் பின்னர் கைவிடப்பட்டது. குதிரை முறையிட்டதாகச் செய்தியில்லை. 2012 இல் இப்பிரிவுக்கெதிரான இயக்கத்தில் அற்கின்சன் ஆற்றிய உரை சிறந்தது. தம்மைப்போன்ற புகழுடையோரைப் பொலிசார் தொடமாட்டார். பெயரறியப்படாத எளியோருக்காகவே அஞ்சுகிறேன் என்பது அதன் கருத்து. 2013 இல் 'இகழும்' என்ற சொல் நீக்கப்பட்டது. 2014 பெப்ரவரி 1 முதல் அம்மாற்றம் நடைமுறையாயிற்று.

அவர் நோக்கு சரியானதென்றே நான் கருதுகிறேன். அச்சுறுத்தல் சொன்னவன் சொல்லிலேயே கிடக்கிறது. அதனை நீதிபதி எடுத்துக் காட்டலாம். இகழ்ச்சியோ பாதி சொன்னவனிடத்தும் பாதி கேட்டவனிடத்தும் உள்ளது. பழிகரப்பில் முக்காற் பங்கும் கேட்டவனிடத்தேயாம். இடாப்பு வாசிக்கும் அந்த ஆசிரியரைக் கூண்டில் ஏற்றினால் எச்சொல்லைக் குற்றமென்பது? மனம் புண்பட்டேன் என்பவனின் புண்ணே சான்றாகுமாயின், மெல்லிய தோலுடையோர் யாவரும் சட்டமியற்றுவோராவர்.

ஆயினும் ஓரிடத்தில் நான் அவரோடு உடன்படேன். 2018 ஆகத்தில், முந்திய மாதமே வெளிநாட்டமைச்சர் பதவியைத் துறந்திருந்த பொறிஸ் ஜோன்சன், முகமூடியணியும் முஸ்லிம் பெண்டிரைத் தபாற்பெட்டிக்கு ஒப்பிட்டெழுதினார். அவ்வாடையைத் தடைசெய்யலாகாது என்பதே அக்கட்டுரையின் வாதம் என்பதையும் சொல்லவேண்டும். அற்கின்சன் 'ரைம்ஸ்' பத்திரிகைக்குக் கடிதம் எழுதி, அது நல்ல நகைச்சுவைதான், மன்னிப்பு வேண்டியதில்லை என்றார். சட்டம் அதனைத் தண்டிக்கலாகாது என்பதை ஏற்கிறேன். ஆனால் நல்ல நகைச்சுவை என்பதை எவ்வாறு ஏற்பது? சாத்தான் பாத்திரம் தன்னை வலியவரென்று எண்ணுவோரை நோக்கிப் பேசுகிறது; இவ்வொப்புமை தெருவில் தனியே செல்லும் பெண்ணின்மேல் விழுகிறது. எளியோருக்காக அஞ்சுகிறேன் என்று 2012 இல் சொன்னவர் இதனை நினைந்திருக்கலாம். உரிமை வேறு, சுவை வேறு.

வழக்கு பின்னர் ஸ்கொத்லாந்துக்குச் சென்றது. வெறுப்புக் குற்றச் சட்டமூலத்தின் முதல் வடிவை எதிர்த்து 2020 இல் வெளியான கூட்டுக் கடிதத்தில் அவரும் ஒப்பமிட்டார். நாடக மேடைக்கெனத் தனியே வைத்திருந்த பிரிவு நீக்கப்பட்டு, நோக்கமும் வேண்டுமென்ற நிபந்தனை சேர்க்கப்பட்டு, சட்டம் 2021 இல் நிறைவேறியது. 2024 ஏப்ரில் 1 ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. முதல் வாரத்தில் மட்டும் பொலிசாருக்கு 7,000 இற்கு மேற்பட்ட முறைப்பாடுகள் கிடைத்தன. அவற்றுள் வெறுப்புக் குற்றமாகப் பதியப்பட்டவை 240. நீதியமைச்சராயிருந்து அச்சட்டமூலத்தைக் கொண்டுவந்து, 2024 ஏப்ரிலில் முதலமைச்சராக விளங்கிய ஹும்சா யூசப்பின் பழைய உரையொன்றின்மீதும் முறைப்பாடுகள் குவிந்தன. அவ்வுரையிற் குற்றமேதுமில்லை என்று பொலிசார் 2020 இலேயே தீர்மானித்திருந்தனர்.