நின்றுபோன கணினியும் நிக்காஹ் தஃப்தரும்

கணினியைப் பற்றி எழுத இந்த உஸ்தாதுக்கு என்ன தெரியும் என்று தாங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். கலைப் பாடத்தில் பட்டம் பெற்று, மத்ரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுப்பவன் நான். எனினும், அந்த இயந்திரம் என்னைப் படுத்திய பாட்டில் கற்றுக்கொண்டது தங்கள் இல்லத்திற்கும் பயன்படலாம் என்றே இதனை எழுதுகிறேன்.

வல்லத்திராக்கோட்டையில் எங்கள் ஜமாஅத்தின் பழைய நிக்காஹ் தஃப்தர் பூச்சி அரித்து, தொட்டால் உதிரும் நிலைக்கு வந்துவிட்டது. அரபு நாட்டிலிருக்கும் பிள்ளை தன் மனைவியை அழைத்துக்கொள்ள விரும்பினாலும், கணவரை இழந்த பெண் ஓய்வூதியம் கேட்டு விண்ணப்பித்தாலும் முதலில் தேடப்படுவது அந்தத் தாள்தான். ஆகவே சென்ற ஆண்டு, இஷாவுக்குப் பின் நாள்தோறும் அமர்ந்து, மூன்று மாதங்களாக அதனை மத்ரஸாக் கணினியில் ஏற்றினேன். நான்காம் மாதம் தொடங்கியது தொல்லை. தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போதே திரை முழுதும் நீலமாகும்; ஏதோ ஆங்கில எழுத்துகள் தோன்றும்; கணினி தானே அணைந்து மீண்டும் எழும். முதலில் வாரத்திற்கு ஒருமுறை. பிறகு நாளைக்கு மூன்று முறை.

புதுக்கோட்டையில் ஒரு கடைக்குத் தூக்கிச் சென்றேன். இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, "ஃபார்மட் அடிச்சாத்தான் சரியாகும் ஹஜ்ரத். உள்ளே இருக்கிறதெல்லாம் போயிடும், பரவாயில்லையா?" என்றார். பரவாயில்லையாமே! கணினியை அப்படியே தூக்கிக்கொண்டு ஊர் திரும்பினேன்.

இவ்விடத்தில் ஒரு சொற்குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். 'மெமரி' என்று நாம் இரண்டு வெவ்வேறு பொருள்களைக் குறிப்பிடுகிறோம். ஒன்று ஹார்ட் டிஸ்க். அது கிதாபு அலமாரி போன்றது. மின்சாரம் போனாலும் வைத்தது வைத்தபடி இருக்கும். மற்றது 'ரேம்' எனப்படும் நினைவகம். அது ஓதும்போது முன்னே விரித்துக்கொள்ளும் ரைஹால் போன்றது. அலமாரியிலிருந்து எடுத்தது எதுவாயினும் இதன்மீது வைத்துத்தான் கணினியால் வாசிக்கவும் எழுதவும் முடியும். மின்சாரம் நின்றால் அதில் இருந்தது மறைந்துவிடும். மெமரிப் பிழை என்றவுடன் கல்யாணப் படங்களையெல்லாம் அழித்துவிடும் வீடுகளை நான் கண்டிருக்கிறேன். அலமாரி பிதுங்கினால் கணினி மந்தமாகும் என்பது மெய்யே. ரேமில் இடம் போதாதபோது விண்டோஸ் ஹார்ட் டிஸ்கில் சிறிது இடம் கடன் வாங்கும். ஆனால் ரைஹால் உடைந்திருக்கையில் அலமாரியைக் காலி செய்து என்ன பயன்?

ரேம் நன்றாக இருந்தும் கணினி நின்றுபோவதுண்டு. 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமையை நினைத்துப் பாருங்கள். சென்னை உள்ளிட்ட நம் நாட்டு விமான நிலையங்களில் பயணிகள் நீண்ட வரிசையில் காத்துநின்றனர்; பலருக்குக் கையால் எழுதிய போர்டிங் பாஸ் வழங்கப்பட்டது. கிரவுட்ஸ்டிரைக் என்னும் அமெரிக்க நிறுவனம் தன் பாதுகாப்பு மென்பொருளுக்கு அனுப்பிய ஒரு சிறு கோப்பே காரணம். 20 விவரங்கள் மட்டுமே தரப்பட்டிருக்க, அந்நிரல் 21-ஆவதைத் தேடித் தனக்குரியதல்லாத நினைவிடத்தை வாசிக்கப் போயிற்று. வகுப்பில் 20 பிள்ளைகள் இருக்க, ஆசிரியர் 21-ஆவது பெயரைக் கூப்பிட்ட கதைதான். சாதாரண நிரலாயின் அது மட்டும் மூடிக்கொண்டிருக்கும். இதுவோ விண்டோஸின் அடித்தளத்தில் இயங்குவது; எனவே கணினி முழுவதும் நின்றது. மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி சுமார் 85 லட்சம் கணினிகள். கோப்பு 78 நிமிடங்களில் திரும்பப் பெறப்பட்டும், நின்றுபோன இயந்திரங்கள் பலவற்றை ஒவ்வொன்றாக 'சேஃப் மோடில்' எழுப்பி அக்கோப்பை நீக்க வேண்டியிருந்தது. அப்போதுகூட ஃபார்மட் தேவைப்படவில்லை என்பதைக் கவனியுங்கள்.

நின்றுபோவதைக் கண்டு அஞ்சுகிறோம். நிற்காமல் தவறு செய்வதல்லவா அஞ்சத்தக்கது! பெல்ஜியம் நாட்டின் ஸ்கார்பேக்கில் 2003 மே 18 தேர்தலில் ஒரு வேட்பாளருக்கு 4096 வாக்குகள் கூடுதலாக விழுந்திருந்தன. பெறக்கூடிய அளவையும் தாண்டியதால்தான் அது வெளிப்பட்டது. மென்பொருளில் பிழை அகப்படவில்லை. 4096 என்பது 12 இரண்டுகளைப் பெருக்கி வரும் எண். நினைவகத்தில் ஒரேயொரு சுழி ஒன்றாக மாறியிருந்தாலே கணக்கு அவ்வளவு கூடிவிடும். விண்வெளிக் கதிர்த்துகள் ஒன்று பட்டிருக்கலாம் என்று கருதினார்கள், அது நிறுவப்படவில்லை. ஹாஃபிழ் ஒருவர் மறந்து நின்றால் பின்னிருப்பவர் எடுத்துக்கொடுப்பார். நிற்காமல், அதைப் போன்ற இன்னொரு வசனத்திற்குத் தாவிவிட்டாலோ, கேட்பவரும் ஹாஃபிழாக இருந்தாலன்றிக் கண்டுகொள்வது அரிது. பெரிய நிறுவனங்களின் சர்வர்களில் சிறு பிழையைத் தானே திருத்திக்கொள்ளும் ரேம் உண்டு. நம் வீட்டுக் கணினிகளில் பெரும்பாலும் அது கிடையாது.

என் தொல்லைக்கு வருகிறேன். பாலிடெக்னிக்கில் பயிலும் என் பழைய மாணவன் ஒருவன் விடுமுறைக்கு ஊர் வந்தான். "நீலத்திரையில் என்ன எழுதியிருந்தது ஹஜ்ரத்?" என்பதே அவனுடைய முதல் கேள்வி. நான் வாசித்ததே இல்லை! அடுத்த முறை திரை நீலமானபோது கைப்பேசியில் படம் பிடித்தோம். 'மெமரி மேனேஜ்மென்ட்' என்றிருந்தது. மறுமுறை 'பேஜ் ஃபால்ட்' என்று வேறொன்று. ஒவ்வொரு முறையும் காரணம் மாறி வந்தால் ரேமைச் சந்தேகிக்கலாம் என்றான். (புதிய விண்டோஸில் இத்திரை கறுப்பாக வரும்.)

மின்கம்பியைக் கழற்றி, பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்து, பெட்டியின் இரும்பைத் தொட்டபின் திறந்தான். தொடாமல் கை வைத்தால் நம் உடலிலுள்ள நிலைமின்சாரம் சில்லுகளைக் கெடுத்துவிடுமாம். உள்ளே நம்மூர்ச் செம்மண் தூசி! இரண்டு ரேம் பட்டைகளையும் உருவி, அவற்றின் பொன்னிறப் பற்களைப் பள்ளிப்பிள்ளையின் அழிப்பானால் மெல்லத் தேய்த்து, துகளைத் துடைத்து, இருபுறக் கொக்கியும் 'டக்' என்று விழும்வரை அழுத்திப் பொருத்தினான். பல இல்லங்களில் பழுது இத்துடன் தீர்ந்துவிடும். எங்களுக்குத் தீரவில்லை. பின்னர் ஒரு நேரத்தில் ஒரு பட்டையை மட்டும் செருகிச் சோதித்தான். விண்டோஸிலேயே 'மெமரி டயக்னாஸ்டிக்' என்னும் சோதனை இருக்கிறது. அதைவிடக் கடுமையானது 'மெம்டெஸ்ட்86'. பென் டிரைவிலிருந்து இரவு முழுதும் ஓட விட வேண்டும். ஒரு பட்டை விடியும்வரை பிழையின்றி ஓடியது. மற்றது சில நிமிடங்களிலேயே பிழைகளைக் காட்டத் தொடங்கியது. ஒரு பிழை காட்டினாலும் அப்பட்டையை நம்பலாகாது. கழற்றி வைத்தோம், நீலத்திரை அதன்பின் வரவில்லை.

மடிக்கணினிகள் சிலவற்றில் ரேம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். அவற்றைத் திறக்காமல் சோதனையை மட்டும் ஓட்டுங்கள். எந்தக் கணினியாயினும் மின்சாரம் வழங்கும் 'பவர் சப்ளை' பெட்டியை மட்டும் திறந்துவிடாதீர்கள். ரேம் தேறிவிட்டால் வெப்பம், ஹார்ட் டிஸ்க், அண்மையில் சேர்த்த மென்பொருள் என்று தேட வேண்டியதுதான்.

என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தொல்லை தொடங்கியவுடன் பதறிப்போய், கோப்புகளையெல்லாம் பென் டிரைவில் நகலெடுத்து வைத்திருந்தேன். அந்நகலில் ஒரு கோப்பு திறக்கவே மறுத்தது. நகலும் அந்த உடைந்த ரைஹால் வழியாகத்தானே சென்றது! பழுதான பட்டையைக் கழற்றிய பின்னர்தான் நகலெடுத்திருக்க வேண்டும். ஹார்ட் டிஸ்கிலிருந்த மூலம் திறந்தது. ஆயினும், பிழை செய்த நாள்களில் அதில் எந்த எண் எப்படி மாறிற்றோ, யார் அறிவார்?

பழைய தஃப்தரை நல்லவேளையாக வெளியே போடவில்லை. மாணவன் தாளை வாசிக்க, நான் திரையைப் பார்த்து வரிவரியாக ஒப்பிட்டு வருகிறோம். இப்போது 1974-ஆம் ஆண்டில் இருக்கிறோம். இதுவரை ஒரேயொரு மஹர் தொகை மட்டும் மாறியிருக்கக் கண்டோம். அது கணினியின் பிழையா, என் விரலின் பிழையா என்றுதான் விளங்கவில்லை.