பிள்ளைகளின் பாடமும் நம் கல்லாவும்



கல்லூரியில் கணினி படிக்கும் நம் பிள்ளைகளுக்கு 'நெட்வொர்க்' என்றொரு அடிப்படைப் பாடம் உண்டு. "தகவல் ஏழு அடுக்காகப் போகிறது என்று படித்துக் கடைக்கு என்ன லாபம்?" என்று நம்மில் பலர் கேட்கிறோம். லாபம் உண்டு என்பதே நம் கருத்து.

சரக்கை மூட்டைகளாகக் கட்டி, எண்ணும் முகவரியும் எழுதி, பல லாரிகளில் அனுப்புகிறோம். எது முந்தி வந்தாலும் எண் பார்த்து அடுக்குகிறோம். ஒன்று குறைந்தால் கேட்டு வாங்குகிறோம். டி.சி.பி. என்னும் முறையும் இதுதான். வின்ட் செர்ஃப், ராபர்ட் கான் இருவரும் 1974-ல் இதை எழுதி வெளியிட்டனர். அமெரிக்காவின் அர்ப்பாநெட் 1983 ஜனவரி 1-ல் இதற்கு மாறியது. இன்று நமது யு.பி.ஐ. வரவும் இ-வே பில்லும் நெட்வொர்க்கை நம்பியே நடக்கின்றன.

ஆனால் நம் கடைகளின் நிலை என்ன? ரௌட்டர் வாங்கிய நாளில் இருந்த பாஸ்வேர்டே இன்றும் இருக்கிறது. வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் வைஃபையிலேயே பில் போடும் கணினியும் ஓடுகிறது. கல்லாச் சாவியை வாசலில் மாட்டிவைப்பதற்கு இது சமம் அல்லவா?

ஆகவே, சீசன் நெருக்கடி என்று பிள்ளைகளை வகுப்பிலிருந்து கடைக்கு இழுக்க வேண்டாம். முழுமையாகப் படிக்கட்டும். விடுமுறையில் வரும்போது பேரேட்டோடு ரௌட்டரையும் அவர்களிடம் காட்டுவோம். மகனோ மகளோ சொல்லிக் கேட்பதில் நமக்குக் கௌரவக் குறைச்சல் எதுவுமில்லை.