மங்கிய காருக்கு மறுபடியும் மெருகு



1985 ஜூலை 9ஆம் நாள் நம் நாட்டின் முதல் காரான புரோட்டோன் சாகா வெளிவந்தபோது, அதை வாங்கிய குடும்பங்களில் நம்மவர்களும் உண்டு. அந்தக் காலத்து வண்டிகளைக் குளுவாங்கிலும் கூலாயிலும் லாபிஸிலும், தோட்டத்து லயத்தின் முன்னாலும் தாமான் வீட்டு வாசலிலும் இன்றும் பார்க்கலாம். இஞ்சின் சொன்னபடி கேட்கும். மேனிதான் சாம்பல் பூத்துக் கிடக்கும். "அப்பா ஓட்டிய கார். விற்க மனமில்லை, சாயம் அடிக்கக் காசில்லை" என்பவர்களுக்காகவே இந்த வாரப் பகுதி.

ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில், வீட்டிலேயே, உங்கள் கையாலேயே அந்த வண்டிக்கு மெருகு கொண்டுவரலாம். ஆனால் அவசரப்பட்டுத் தேய்த்தால் இருக்கிற சாயமும் போய்விடும். பிறகு பட்டறைக்கு ஆயிரக்கணக்கான வெள்ளி அழவேண்டி வரும். ஆகவே முதலில் விஷயத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்.

சாயம் ஏன் மங்குகிறது?

ஜொகூர் பாரு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஒன்றரைப் பாகை தூரத்தில்தான் இருக்கிறது. ஆண்டு முழுவதும் வெயில் ஏறத்தாழத் தலைக்கு மேலே நின்று காய்கிறது. சாயத்தில் நிறப்பொடியும் அதைப் பிடித்து வைத்திருக்கும் பிசினும் உண்டு. வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர் அந்தப் பிசினைச் சிதைத்துவிடுகிறது. பிடிப்பற்றுப்போன பொடி சுண்ணாம்பைப்போல் மேலே பூத்து நிற்கிறது. அதனால்தான் கூரையும் பானெட்டும் முதலில் மங்குகின்றன. கதவின் பக்கங்கள் பிழைத்துக்கொள்கின்றன. உங்கள் வண்டியின் உண்மையான நிறம் என்ன என்று பார்க்க வேண்டுமா? கதவைத் திறந்து, வெயிலே படாத உட்புற ஓரத்தைப் பாருங்கள்.

நாம் தேய்க்கும்போது புதிதாக எதையும் பூசுவதில்லை. மேலே செத்துப்போன தோலை உரித்து, அடியிலுள்ள நல்ல சாயத்தை வெளியே கொண்டுவருகிறோம். ஆலையில் அடித்த சாயம் முழுவதும் சேர்ந்தாலே ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனம்தான். ஒவ்வொரு தேய்ப்பும் அந்தக் கைமுதலில் கொஞ்சம் எடுத்துச் செலவழிப்பதே ஆகும். சிக்கனமாகச் செலவழியுங்கள்.

முதலில் ஒரு சோதனை

பழைய வண்டிகளில் பல, குறிப்பாக வெள்ளை, சிவப்பு போன்ற சாதா நிறங்களில் வந்தவை, நிறச் சாயம் மட்டுமே பூசப்பட்டவை. பின்னால் வந்த வண்டிகளில் நிறத்துக்கு மேலே கண்ணாடி போன்ற தெளிபூச்சு ஒன்றும் உண்டு. இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

ஈரத்துணியில் சிறிது போலிஷ் தொட்டு, கண்ணுக்குப் படாத ஒரு மூலையில் மெதுவாகத் தேயுங்கள். துணியில் காரின் நிறம் ஒட்டினால் அது ஒற்றைப் பூச்சு. நல்ல பலன் கிடைக்கும். வெள்ளைக் காராக இருந்தால் கறுப்புத் துணியில் சோதியுங்கள். வெள்ளைத் துணியில் ஒன்றும் தெரியாது. நிறம் ஒட்டாவிட்டால் மேலே தெளிபூச்சு இருக்கிறது. மென்மையான போலிஷ் மட்டும் போதும்.

வெயிலில் காய்ந்த தோல்போலத் தெளிபூச்சு திட்டுத்திட்டாக உரிந்திருந்தால் எந்தப் போலிஷும் உதவாது. அதற்கு மறுபடி சாயம் அடிப்பது ஒன்றே வழி. டப்பாவின் மேல் என்ன எழுதியிருந்தாலும் நம்பிப் பணத்தை வீணாக்காதீர்கள். சாயம் அடிக்கும்போது நிறத்தையும் மாற்றுவதானால், சாலைப் போக்குவரத்து இலாகாவில் தெரிவித்துப் பதிவைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

செய்யும் முறை

1. வண்டியை நிழலில் நிறுத்துங்கள். பானெட்டைத் தொட்டால் கை சுடக்கூடாது.

2. முதலில் நிறையத் தண்ணீர் ஊற்றி மண்ணைக் கழுவிய பிறகே துணியை வையுங்கள். கார் ஷாம்பூ பயன்படுத்துங்கள், சலவைத்தூள் வேண்டாம். ஒரு வாளியில் ஷாம்பூத் தண்ணீரும், துணியை அலச இன்னொரு வாளியில் வெறும் தண்ணீரும் இருக்கட்டும்.

3. ரப்பர் பீடிங், பிளாஸ்டிக் பாகங்கள், கூரான விளிம்புகள் ஆகியவற்றின்மேல் சாயக் கடையில் விற்கும் காகித டேப்பை ஒட்டுங்கள். விளிம்பில்தான் சாயம் மிக மெல்லியது. அங்கேதான் முதலில் அடிப்பூச்சு வெளிப்படும்.

4. கடையில் இருப்பதிலேயே மென்மையான போலிஷில் தொடங்குங்கள். அது பலிக்காவிட்டால் மட்டுமே ரப்பிங் காம்பவுண்டுக்குப் போங்கள். காம்பவுண்ட் போட்ட இடத்தில் கடைசியாக மறுபடியும் மென்மையான போலிஷ் போடுங்கள்.

5. ஒரு தடவைக்கு ஒன்றரை அடிச் சதுரம் போதும். ஐம்பது காசு அளவு போலிஷை ஈரத்துணியில் எடுத்து, மிதமாக அழுத்தி, நேர்க்கோடாகத் தேயுங்கள். துணியில் நிறம் ஏறியதும் அடுத்த மடிப்புக்கு மாற்றுங்கள். பளபளப்புத் தெரிந்த உடனே நிறுத்திவிடுங்கள். "இன்னும் கொஞ்சம்" என்ற ஆசைதான் சாயத்துக்கு எமன்.

6. துடைத்துச் சுத்தமாக்கி, அன்றே மெழுகு போடுங்கள். மெல்லிய பூச்சாகப் பூசி, காய்ந்து மங்கலானதும் வேறொரு சுத்தமான துணியால் துடையுங்கள்.

தம்பிமார்கள் சிலர் துளையிடும் மெஷினில் பஞ்சு மாட்டித் தேய்க்கிறார்கள். பழக்கம் இல்லாத கையில் அது ஒரே இடத்தில் நின்று சாயத்தைச் சுட்டுவிடும். முதல் தடவை கையாலேயே செய்யுங்கள்.

மெழுகே காவல்

கார் மெழுகில் பேர்போன கார்னாவுபா, பிரேசில் நாட்டுப் பனை ஒன்றின் ஓலையிலிருந்து எடுக்கப்படுகிறது. நம் செம்பனைக்கு அது உறவுமுறைதான். மெழுகு போட்ட வண்டியில் மழைத்தண்ணீர் சேம்பிலையில் உருள்வதுபோல் முத்துமுத்தாக உருளும். தண்ணீர் உருளாமல் பரவி நின்றால் அடுத்த மெழுகுக்கு நேரம் வந்துவிட்டது என்று அறியுங்கள். வெளியிலேயே நிற்கும் வண்டிக்கு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடலாம். மெழுகு எத்தனை தடவை போட்டாலும் சாயம் குறையாது. காம்பவுண்ட் போட்டால் குறையும். இதை மறக்கவேண்டாம்.

சில எச்சரிக்கைகள்

தேங்காய் எண்ணெய், மண்ணெண்ணெய் தடவுவார்கள். ஒரு நாள் மினுக்கும். மறுநாள் தோட்டத்துச் செம்மண் தூசு முழுவதும் அதில் ஒட்டிக்கொள்ளும். அந்தத் தூசைத் துடைக்கும்போது கீறல் விழும். பானை தேய்க்கும் பச்சை நாரைக் காரின் பக்கமே கொண்டுபோக வேண்டாம்.

தூங்குமூஞ்சி மரத்தடியில் நிறுத்தினால் மைனாக்களின் எச்சம் விழும். அது சாயத்தை அரிக்கும். ஈரக் காகிதத்தை அதன்மேல் பத்து நிமிடம் போட்டு, ஊறியதும் ஒற்றி எடுங்கள், சுரண்டாதீர்கள்.

புகைமூட்டக் காலத்தில் இன்னும் கவனம் தேவை. 2013 ஜூனில் மூவாரிலும் லேடாங்கிலும் நெருக்கடி நிலையே அறிவிக்கும் அளவுக்குப் புகை சூழ்ந்தது நினைவிருக்கும். அப்படிப்பட்ட நாள்களில் வண்டிமேல் படியும் தூசைக் காய்ந்த துணியால் துடைக்காமல், தண்ணீர் ஊற்றியே கழுவுங்கள்.

கப்சாய் மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கும் இதே முறைதான். ஸ்டிக்கர்களை மட்டும் தேய்க்காதீர்கள், அவை அழிந்துவிடும். பிரேக் பகுதிகளில் மெழுகு படவே கூடாது. அது உயிருக்கே ஆபத்து.

முழு வண்டியையும் ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்பதில்லை. இந்த ஞாயிறு பானெட்டை மட்டும் செய்யுங்கள். அடுத்த ஞாயிறு கூரை. பிள்ளைகளையும் துணைக்கு அழைத்து, துணி அலசும் வேலையைக் கொடுங்கள். தாத்தாவின் கார் என்ன நிறம் என்று அவர்களும் தெரிந்துகொள்ளட்டும்.