மசக்கைன்னா வாந்தி மட்டும்தானா?

தமிழ் சினிமால கர்ப்பம்னா மொத்தம் மூணு சீன்தாங்க. ஹீரோயின் வாயைப் பொத்திக்கிட்டு ஓடணும். வளைகாப்பு நடக்கணும். கடைசியில டாக்டர் வெளிய வந்து "பெரிய உயிரா, சின்ன உயிரா"ன்னு கேக்கணும். நடுவுல இருக்குற மாசமெல்லாம் அந்த ரெண்டு பேரும் எதை நினைச்சுப் பயந்தாங்கன்னு எவனும் காட்ட மாட்டான். 2022-ல வந்த 'வீட்ல விசேஷம்' பரவால்ல, ஊர்வசி பின்னிட்டாங்க. ஆனா அதுலயும் பாதிக் கதை மகனோட வெட்கம்தான். பெத்துக்கப்போறவங்க பயம் வெறும் ஊறுகாய்!

சாம் மெண்டிஸ் 2009-ல எடுத்த 'அவே வி கோ' பாருங்க. வெரோனாவுக்கு ஆறு மாசம். உதவிக்கு இருப்பாங்கன்னு நம்பின பர்ட்டோட அப்பா அம்மா பெல்ஜியம் கிளம்பிடுறாங்க. பிள்ளையை எங்க வளர்க்குறதுன்னு ஃபீனிக்ஸ், மயாமின்னு ஊர் ஊரா அலையுறாங்க. அவ்ளோதான் கதை. வழியில பாக்குற குடும்பங்களை எல்லாம் கார்ட்டூன் மாதிரி காட்டினது கடுப்புதான், ஒத்துக்குறேன்.

கிளாஸ்ல சொன்னா "அதெல்லாம் காசுள்ளவன் கவலை மச்சி"ங்குறானுங்க. அட போங்கப்பா! விடியக்காலை போடியில ஜீப் ஏறி, போடிமெட்டு தாண்டி, பூப்பாறை பக்கம் ஏலத்தோட்டத்துக்குப் போறவங்களைக் கேளுங்க. ரேஷன் கார்டு கீழ, கூலி மேல. அங்கயே தங்கினா பிள்ளைக்கு மலையாளப் பள்ளிக்கூடமா, தமிழா? 2011 டிசம்பர்ல முல்லைப் பெரியாறு சண்டையில தோட்டத்துல இருந்த நம்மாளுங்க உசுரக் கையில புடிச்சுக்கிட்டு இறங்கி வந்தாங்க. 2020 ஊரடங்குல பாஸ் இல்லாம செக்போஸ்ட்டைத் தாண்ட முடியல. எந்த ஊர்ல பிள்ளையை வளர்க்குறதுங்குறது இவங்களுக்கு இல்லாத கேள்வியா? வெரோனா அஞ்சு ஊரைப் பாத்துட்டு முடிவு பண்ணலாம். இங்க இருக்குறது ரெண்டே ஊர், நடுவுல 17 கொண்டை ஊசி வளைவு.

அப்பன் கதை இன்னும் மோசம். 2017-ல சட்டத்தைத் திருத்தி முதல் ரெண்டு பிரசவத்துக்கு அம்மாவுக்கு 26 வாரம் லீவுன்னாங்க. அப்பாவுக்கு ஒரு நாள்கூட சேர்க்கல. தினக்கூலிக்காரனுக்கு லீவு போட்டா அன்னைக்குச் சோறு இல்ல, அது தனிக் கணக்கு. சினிமாவுலயும் அவன் ஆஸ்பத்திரி வராண்டாவுல நடக்குறதோட சரி.

லெனின் பாரதி 2018-ல 'மேற்குத் தொடர்ச்சி மலை'யில இந்தச் சரிவைக் காட்டியாச்சு. அதே மலையில ஒரு காமெடி எடுங்க சார். நிறைமாசக்காரி, பக்கத்துல மாமியார், ஜீப் ஓட்டுறது புருஷன். வளைவுக்கு ஒரு அறிவுரைன்னு வச்சாக்கூட முந்தல் வர்றதுக்குள்ள பதினேழு சீன் தேறும் :)

டிஸ்கி: பர்ட்டா நடிச்ச ஜான் கிராசின்ஸ்கிக்கு அந்தத் தாடி செட்டே ஆகல.