ஃபேன் என்றால் சத்தம் வரத்தான் செய்யுமாம்!

வீட்டுக்கு சோலார் போட்டுவிட்டேன் என்று போன பொங்கலுக்கு இங்கே பெருமையாக எழுதியிருந்தேன். நண்பர்கள் பலர் விலை கேட்டீர்கள், மானியம் கேட்டீர்கள், எந்த டீலர் என்று கேட்டீர்கள். "ராத்திரி தூக்கம் வருகிறதா?" என்று ஒருவரும் கேட்கவில்லை. உங்களைச் சொல்லிக் குற்றமில்லை. பணம் கொடுப்பதற்கு முன்னால் நானே அதைக் கேட்கவில்லை.

நான் சத்தத்துக்குப் பயந்தவன் இல்லை. முப்பத்து நாலு வருஷம் குமாஸ்தா வேலை. ஒரே ஹாலில் பதினாறு டைப்ரைட்டர்கள், மூலையில் சைக்ளோஸ்டைல் மெஷின், தலைக்கு மேலே ஆடி ஆடிச் சுற்றும் சீலிங் ஃபேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்த இரைச்சலுக்கு நடுவே கண்ணசந்தவன்தான். ஆனால் அது பகல், அது ஆபீஸ். மாலை ஐந்து மணிக்கு எல்லாவற்றையும் விட்டுவிட்டு சைக்கிளில் ஏறி வந்துவிடலாம். இது என் வீடு. இங்கிருந்து எங்கே போவேன்?

2024 நவம்பர் 30ஆம் தேதி ராத்திரி ஃபெஞ்சல் புயல் நம் ஊருக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது உங்களுக்கெல்லாம் ஞாபகம் இருக்கும். மழையும் இருட்டும் சேர்ந்து எங்கள் தெருவே தண்ணீரில் நின்றது. பெங்களூரில் இருக்கும் மகன் போன் மேல் போன். அது முடிந்த கையோடு, "அப்பா, இனிமே யோசிக்காதீங்க, பேட்டரியோட சோலார் போட்டுடுங்க" என்றான். பேட்டரி ஏன் என்றால், வெறும் பேனலும் ஆன்-கிரிட் இன்வெர்ட்டரும் மட்டும் வைத்தால் கரண்ட் போகும்போது அதுவும் தானாக நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேனுக்கு ஷாக் அடிக்கக்கூடாது என்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். பட்டப்பகலில் வெயில் கொளுத்தினாலும் உங்கள் வீட்டில் கரண்ட் இருக்காது. பலருக்கு இது தெரியாது. எனக்கும் தெரியாது, மகன்தான் சொன்னான். ஆகவே 3 கிலோவாட் ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் வந்தன.

மாட்ட வந்தவர்கள் மாடிப்படிக்குக் கீழே பிளைவுட்டில் ஓர் அலமாரி அடித்து, அதற்குள் இன்வெர்ட்டரை மாட்டி, கதவையும் போட்டு, "பார்க்க நீட்டா இருக்கும் சார்" என்றார்கள். நீட்டாகத்தான் இருந்தது. அந்தச் சுவருக்கு மறுபக்கம் எங்கள் படுக்கையறை.

அன்று ராத்திரி பத்தரைக்கு ஆரம்பித்தது. முதலில் 'க்ளிக்'. பிறகு மிக்ஸி தூரத்தில் ஓடுவது போல 'ஊஊ' என்று ஓர் இரைச்சல். நாலு நிமிஷம். சட்டென்று நின்றது. அப்பாடா என்று புரண்டு படுத்தால் ஆறாவது நிமிஷம் மறுபடி 'க்ளிக்'. ஒரே சீராக ஓடினாலாவது காது ஒப்புக்கொண்டுவிடும். நின்று நின்று ஓடினால் அடுத்தது எப்போது என்று மனசு காத்துக்கொண்டே கிடக்கிறது. என் மனைவிக்கு ரத்த அழுத்தம் உண்டு. நாலாம் நாள் பாயைச் சுருட்டிக்கொண்டு முன் ஹாலுக்குப் போய்விட்டாள். "ஏங்க, நீங்க வேணா அதோட படுத்துக்கிடுங்க" என்றாள். கல்யாணமாகி நாற்பத்தெட்டு வருஷத்தில், பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போனதைத் தவிர, இதுதான் முதல் தடவை.

டீலரிடம் சொன்னேன். ஒரு பையன் வந்து பார்த்தான். "சார், ஃபேன்னா சத்தம் வரத்தான் செய்யும். ரெண்டு வாரத்துல பழகிடும்." மறுபடி போன் செய்தேன். அந்தப் பக்கம் பேசியவர் சிரித்துக்கொண்டே, "வயசானவங்களுக்குத் தூக்கம் கம்மிதானே சார்" என்றார்.

நண்பர்களே, இந்தக் கட்டுரை அந்தச் சிரிப்புக்குப் பதில்.

பிரான்சில் பல வருஷம் இருந்துவிட்டு வந்த சொல்தா நண்பர் ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். அவரிடம் புலம்பியபோது, "அங்கே இதற்குப் பேரே இருக்கு, தபாஜ் நொக்தூர்ன்" என்றார். ராத்திரியில் சத்தம் போட்டு அடுத்தவன் நிம்மதியைக் கெடுத்தால் அந்த நாட்டில் அபராதம் உண்டு. பன்னிரண்டு வருஷம் பிரெஞ்சு மீடியத்தில் படித்தேன், இந்த ஒரு சொல்லை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நம் நாட்டிலும் 2000ஆம் வருஷத்து ஒலி மாசு விதிகள் இருக்கின்றன. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை 45. அது ஊருக்கும் தெருவுக்குமான விதி, நீயே காசு கொடுத்து உன் வீட்டுக்குள் வைத்துக்கொண்ட பெட்டிக்கு இல்லை என்று வக்கீல் நண்பர் சொன்னார். சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ராத்திரியில் மனிதனுக்கு எவ்வளவு சத்தம் தாங்கும் என்று சர்க்கார் ஒரு கணக்கு வைத்திருக்கிறது அல்லவா? பேத்தி என் செல்போனில் ஏதோ ஆப் போட்டு அளந்தாள். படுக்கையறைச் சுவரோரம் 52. செல்போன் அளவு துல்லியமில்லைதான். என் மனைவியின் பாய் அதைவிடத் துல்லியமான கருவி.

இடையில் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு ராத்திரி கோபத்தில் பழைய கம்பளியை எடுத்து இன்வெர்ட்டர் மேல் போர்த்திவிட்டேன். சத்தம் அடங்கியது. அரை மணி நேரத்தில் சூடு தாங்காமல் 'கீ கீ கீ' என்று அலாரம் அடித்துத் தானே நின்றுவிட்டது. தெருவே எழுந்துகொண்டது. யாரும் இதைச் செய்யாதீர்கள், தீப்பிடிக்கும். மூடியைக் கழற்றிப் பார்க்கிற வேலையும் வேண்டாம். சுவிட்சை அணைத்த பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் கரண்ட் தங்கியிருக்கும். வெயில் இருக்கும் வரை பேனலிலிருந்து டி.சி. வந்துகொண்டே இருக்கும்.

ஐ.டி.ஐ.யில் பாடம் நடத்தி ரிட்டயர் ஆன ஒரு நண்பர்தான் எனக்கு விஷயத்தைப் புரியவைத்தார். இன்வெர்ட்டர் வழியாகப் போகும் ஒவ்வொரு நூறு வாட்டிலும் ஐந்தாறு வாட் சூடாக வீணாகிறது. ராத்திரி ஏ.சி. போட்டு ஆயிரம் வாட் இழுத்தால், ஒரு பழைய அறுபது வாட் குண்டு பல்பு அந்தப் பெட்டிக்குள் எரிகிற மாதிரி. அந்தச் சூட்டை வெளியேற்றாவிட்டால் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்கள் சீக்கிரம் போய்விடும். பத்து டிகிரி சூடு கூடினால் அவற்றின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது அந்தத் தொழிலில் இருப்பவர்களின் கணக்கு. ஆக ஃபேன் தேவைதான். என் சண்டை ஃபேனோடு இல்லை.

ஆனால் எப்படிப்பட்ட ஃபேன்? இங்கேதான் "சத்தம் வரத்தான் செய்யும்" என்பது பொய் என்று தெரிகிறது. ஃபேனின் வேகத்தைப் பாதியாக்கினால் காற்றும் பாதியாகும். சத்தமோ ஏறத்தாழ 15 டெசிபல் இறங்கும். பத்து இறங்கினாலே காதுக்குப் பாதியாகத் தெரியும். அதே ஃபேன் இரண்டை வைத்துப் பாதி வேகத்தில் ஓட்டினால் கிட்டத்தட்ட அதே காற்று. இரண்டாவது ஃபேனால் கூடுகிற சத்தம் 3 டெசிபல்தான். மிச்சம் 12 லாபம். பெரிய இறக்கை வைத்து மெல்லச் சுற்றவிட்டாலும் இதே பலன். நம் சீலிங் ஃபேனுக்குக் கீழே தூங்குகிறோம், உள்ளங்கை அகல ஃபேனுக்குப் பக்கத்தில் தூங்க முடியவில்லை, ஏன்? அதே காரணம்தான். சூட்டுக்குத் தகுந்தபடி வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற சின்ன சர்க்யூட்டும் உண்டு. என் பெட்டியில் அது இல்லை. சூடு ஏறினால் முழு வேகம், இறங்கினால் நிறுத்தம், அவ்வளவுதான். செய்தவன் சில நூறு ரூபாய் மிச்சம் பிடித்தான். அந்தச் சில நூறுக்கு என் வீட்டில் ஒரு பாய் ஹாலுக்குப் போனது.

மாட்டியவனின் பங்கு அதைவிடப் பெரியது. காற்றே புகாத அலமாரிக்குள் வைத்தால், வெளியேற்றிய சூட்டையே ஃபேன் திரும்ப இழுக்கிறது, ஓயாமல் ஓடுகிறது. பிளைவுட் பலகையில் மாட்டினால் பலகை முழுவதும் அதிர்கிறது. மிருதங்கத்துக்குத் தோல் எப்படியோ அப்படி. இதெல்லாம் தெரியாத ஆளா சோலார் மாட்ட வருவது?

டீலரை நம்பிப் பிரயோஜனமில்லை என்று தெரிந்ததும், ஐ.டி.ஐ. நண்பர் நம்பிக்கையான எலக்ட்ரீஷியன் ஒருவரை அழைத்து வந்தார். அலமாரியைப் பிரித்துப் போட்டோம். இன்வெர்ட்டரைப் பின்கட்டு நடையில், நிழலான செங்கல் சுவரில், ஸ்குரூவுக்குக் கீழே ரப்பர் வாஷர் வைத்து, நாலு பக்கமும் ஒரு முழம் இடம் விட்டு மாட்டினார். செட்டிங்கில் இரண்டு மாற்றங்கள். ராத்திரி கரண்ட் இருக்கும்போது வீடு நேரே கரண்டில் ஓடும், பேட்டரி சும்மா இருக்கும். பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆம்பியரையும் குறைத்தார், மெதுவாக ஏறினால் சூடும் குறைவு. வாரண்டி போகக்கூடாது என்பதால் ஃபேனைத் தொடவில்லை. கம்பெனிக்கே நேரடியாகப் பதிவுத் தபால் போட்டேன். மூன்று வாரத்தில் சர்வீஸ் ஆள் வந்து பார்த்தார். ஃபேனின் பேரிங் ஆரம்பத்திலிருந்தே சரியில்லை என்று சொல்லி, பால் பேரிங் ஃபேன் போட்டார். இப்போது அதே சுவரோரம், அதே செல்போன், 38. ராத்திரியில் பாதி நேரம் ஃபேன் ஓடுவதே இல்லை.

முதலிலேயே செய்திருக்கக்கூடிய வேலை! ஒரு ரூபாய் கூடுதல் செலவில்லாமல், ஒரு மாதத் தூக்கம் கெடாமல்!

பேட்டரி வேண்டாம் என்கிறவர்களுக்கு இந்தத் தலைவலி குறைவு. சின்ன ஆன்-கிரிட் இன்வெர்ட்டர்கள் பலவற்றில் ஃபேனே கிடையாது, முதுகில் இருக்கும் அலுமினிய மடிப்புகள் வழியாகவே சூடு போய்விடும். ராத்திரி அதற்கு வேலையும் இல்லை. பேட்டரி வைக்கிறவர்கள்தான் கவனமாக இருக்க வேண்டும்.

முப்பத்து நாலு வருஷம் ஃபைல் எழுதியவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். வாயால் சொன்னதற்கு மதிப்பில்லை. கொட்டேஷனில் கிலோவாட் இருக்கிறது, வாரண்டி இருக்கிறது, மானியத் தொகை கொட்டை எழுத்தில் இருக்கிறது. எனக்கு வந்த மூன்று கொட்டேஷன்களில் ஒன்றில்கூட சத்தம் எத்தனை டெசிபல் என்ற வரி இல்லை. நல்ல கம்பெனிகள் பல, தங்கள் தகவல் தாளில் அதை அச்சடித்தே தருகின்றன. அந்த எண்ணைக் கொட்டேஷனில் எழுதி, கையெழுத்துப் போடச் சொல்லுங்கள், ஒரு மீட்டர் தூரத்தில் இவ்வளவு என்று. ஃபேன் வேகம் தானாகக் கூடிக் குறையுமா என்பதையும் எழுதச் சொல்லுங்கள். எந்தச் சுவரில் மாட்டப்போகிறார்கள் என்பதை நீங்களே சாக்பீஸால் குறித்துக் காட்டுங்கள். முழுப் பணத்தையும் முன்னாலேயே கொடுக்காதீர்கள். கடைசிப் பத்தாயிரத்தை, இன்வெர்ட்டர் ஓடும்போது ஒரு ராத்திரி பக்கத்து அறையில் தூங்கிப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

டீலருக்கு இதையெல்லாம் விவரமாக மூன்று பக்கம் எழுதி, ஒப்புகை அட்டையோடு அனுப்பியிருக்கிறேன். அட்டை கையெழுத்தாகித் திரும்பி வந்துவிட்டது. பதில் இன்னும் வரவில்லை. வந்தால் இங்கே அப்படியே போடுகிறேன். பாய் அறைக்குத் திரும்பி வந்து இன்றோடு பதினோரு நாள்.