பூண்டிக்கு வருபவர்களை விரட்டாதீர்கள்

மதகு திறக்கிறார்கள் என்ற செய்தி வந்தால் போதும், பூண்டிக் கரையில் கூட்டம் சேர்ந்துவிடும். கொசஸ்தலையாற்றின் குறுக்கே 1944இல் கட்டி முடித்து, சத்தியமூர்த்தியின் பெயர் சூட்டப்பட்ட நீர்த்தேக்கம் இது. கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி. ஆந்திரத்தின் கண்டலேறு நீர்த்தேக்கத்திலிருந்து கால்வாயில் வரும் கிருஷ்ணா நீரும் இங்கேதான் சேர்கிறது. சென்னை குடிக்கும் தண்ணீர். அதில் இறங்கிக் குளிப்பதையும் பாட்டில் வீசுவதையும் கண்டிப்பாகத் தடுக்க வேண்டும். அதற்காக ஆட்களையே வரவிடாமல் செய்வது அநியாயம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வாரமெல்லாம் ஷிப்டு பார்ப்பவர், பிள்ளைகளைச் செலவில்லாமல் கூட்டிப்போக வேறு எங்கே போவார்? நிழல், கழிப்பறை, குப்பைத்தொட்டி, ஆழத்தை எச்சரிக்கும் பலகை, ஞாயிறுகளிலாவது காவலர்கள்: கேட்பது இவ்வளவுதான். பூண்டியிலேயே தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம் இருக்கிறது. கற்கால மனிதனின் கருவிகளைக் காணாமலே பலர் திரும்புகிறார்கள், வழிகாட்ட ஆளில்லை. 2020இல் திறக்கப்பட்ட கண்ணன்கோட்டை–தேர்வாய்கண்டிகை நீர்த்தேக்கம் கும்மிடிப்பூண்டிக்கு இன்னும் பக்கம். ஓர் உயிர் போகும்வரை காத்திராமல், பொதுப்பணிகளைப் பார்ப்பவர்கள் அங்கும் இந்த வசதிகளை இப்போதே செய்துதர வேண்டும்.