மூன்று தவணை போதாது என்றவர்

அடி அண்ணாமலை வழியாகப் போகும் கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். பௌர்ணமி இரவில் லட்சக்கணக்கானோர் செருப்பில்லாமல் நடக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் போலியோவால் சூம்பிய காலை ஊன்றி ஊன்றி நடக்கும் பெரியவர்கள் உண்டு. பள்ளிக்கூட வயசுப் பிள்ளைகளிடம் அதைப் பார்க்க முடியாது. இந்த மாற்றத்தில் பக்கத்து வேலூருக்கு ஒரு பங்கு இருக்கிறது.

வேலூர் சி.எம்.சி.யில் வைரஸ் ஆய்வாளராக இருந்தவர் டாக்டர் டி.ஜேக்கப் ஜான். மூன்று தவணை சொட்டு மருந்து போதும் என்று உலகமே நம்பிய காலத்தில், மருந்து குடித்த நம்மூர்க் குழந்தைகளின் ரத்தத்தைச் சோதித்துப் பார்த்தார். பல குழந்தைகளுக்கு எதிர்ப்புச் சக்தியே உருவாகவில்லை! 1972-லேயே இதை எழுதினார். மேல்நாட்டில் நன்றாக வேலை செய்த மருந்து, அதே அளவில் இங்கே செய்யவில்லை.

இதைக் கேட்டதும் இரண்டு விதமாக முடிவெடுக்கலாம். "பார்த்தீர்களா, தடுப்பு மருந்தே ஏமாற்று வேலை" என்பது ஒன்று. "ஊர் பயந்துவிடும், வெளியே சொல்லாதே" என்பது இன்னொன்று. இரண்டுமே தப்பு. ஜேக்கப் ஜான் மூன்றாவது வழியில் போனார். மூன்று தவணை போதாதென்றால் கூடுதலாகக் கொடு, ஊரிலுள்ள குழந்தைகளுக்கெல்லாம் ஒரே சமயத்தில் கொடு என்றார். வேலூர் நகரத்தில் அப்படிச் செய்ததில் போலியோ அடங்கியது. 1983-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அந்த முடிவுகள் வந்தன. நாடு முழுக்க பல்ஸ் போலியோ முகாம் தொடங்கியது 1995-ல்தான். இயற்கையான போலியோ வைரஸ் தாக்கிய கடைசி நோயாளி 2011 ஜனவரியில், மேற்கு வங்கத்தில். 2014 மார்ச்சில் போலியோ இல்லை என்று சான்றிதழ் கிடைத்தது.

சொட்டு மருந்தில் இருப்பது பலவீனமாக்கப்பட்ட உயிருள்ள வைரஸ். அபூர்வமாக அதுவே வாதத்தை உண்டாக்கும். அதையும் அவர் மறைக்கவில்லை. ஊசி மருந்தும் வேண்டும் என்று பல வருஷம் வாதாடினார். 2015 நவம்பரில்தான் அரசுத் திட்டத்தில் அது சேர்ந்தது.

அவர் திரும்பத் திரும்பச் சொன்ன இன்னொரு விஷயம்: வந்த நோய்க்கு வைத்தியம் பார்ப்பது வேறு, நோய் வராமல் தடுப்பது வேறு. ஆஸ்பத்திரி கட்டினால் மட்டும் இரண்டாவது வேலை நடந்துவிடாது. எங்கே, யாருக்கு, எத்தனை பேருக்கு நோய் என்று கணக்கெடுக்க ஆள் வேண்டும்.

"மருந்து போட்டும் வந்ததே" என்று இன்றும் டீக்கடையில் சொல்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதைக் கேட்டுவிட்டு எழுந்து போகக்கூடாது. எத்தனை பேருக்குப் போட்டு எத்தனை பேருக்கு வந்தது, போடாதவர்களில் எத்தனை பேருக்கு வந்தது என்றும் கேட்க வேண்டும். ஜேக்கப் ஜான் செய்தது அதைத்தான். மருந்தின் குறையை உரக்கச் சொன்னவர் மருந்துக்கு எதிரி இல்லை. அவர் சொன்னதால்தான் இன்றைய பிள்ளைகள் இரண்டு காலையும் ஊன்றி மலையைச் சுற்றுகிறார்கள்.